இனிப்பு பன்னில் பிரெஞ்சு டோஸ்ட்: மலைக்குளிரில் நடுப்பகுதி குழைவது ஏன்?

கோத்தகிரி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் அறைகளை விருந்தினர்களுக்கு விட்டு, காலை உணவையும் நாங்களே சமைத்துக் கொடுத்து வருகிறோம். இட்லியும் பொங்கலும் இருந்தாலும், குழந்தைகளோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு டோஸ்ட் கேட்கிறார்கள். பாம்பே டோஸ்ட் என்று சொல்லி நாம் சாப்பிட்டு வளர்ந்த பண்டம்தான். சதுர ரொட்டியில் செய்தால் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் எங்கள் ஊர் பேக்கரியில் ஒரே தட்டில் ஒன்றோடொன்று ஒட்டியபடி வெந்து வரும் இனிப்புப் பால் பன் அவ்வளவு மெத்தென்று இருப்பதால், அதையே பயன்படுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பழைய பன்னாக இருந்தால் நல்லது என்று எல்லாச் சமையல் குறிப்புகளிலும் இருப்பதால், வாங்கிய பன்னை இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, கையால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும்போதுதான் எடுக்கிறேன். இரண்டு முட்டை, ஒரு கோப்பை பால், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, சிறிது ஏலக்காய்த்தூள் சேர்த்து அடித்து, பன்னைக் குறுக்கே அறுத்து நனைத்து, வெண்ணெய் தடவிய கல்லில் போடுகிறேன். மேல்பக்கம் சீக்கிரமே கருத்துவிடுகிறது. உள்ளே பிட்டுப் பார்த்தால் வேகாத மாவு போலக் குழைந்து கிடக்கிறது. பன் விறைப்பாக இருந்தும் ஏன் இப்படி ஆகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


குன்னூர் அடுமனையாளர்:

அம்மா, உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. விறைப்பாக இருக்கும் பன் வேறு, காய்ந்திருக்கும் பன் வேறு. பிரெஞ்சு டோஸ்டுக்கு வேண்டியது காய்ந்த பன். குளிர்சாதனப் பெட்டி உங்களுக்குத் தந்தது விறைத்த பன். இவ்விரண்டும் விரலுக்கு ஒன்று போலத் தோன்றினாலும், கல்லின் மேல் அவை நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

பன் அடுப்பிலிருந்து வெளியே வரும்போது அதிலுள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சி இளகிய நிலையில் இருக்கும். ஆறிய பிறகு அந்த மாவுச்சத்து மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகத் தொடங்குகிறது. பன் விறைப்பதற்குக் காரணம் இதுதான். இதற்கு நீர் வெளியேற வேண்டிய அவசியமே இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்த பன்னும் விறைக்கும். இந்த இறுக்கம் உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில்தான் மிக வேகமாக நடக்கும் என்பதால், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த பன், வெளியே மேசையில் வைத்ததைவிட விரைவில் கட்டியாகிறது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் நம் சமையலறை அந்த அளவுக்கு இறங்காவிட்டாலும் அதை நோக்கிக் குளிர்கிறது. பெட்டியில் வைக்காவிட்டாலும் ஒரே இரவில் பன் விறைத்துப் போவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்த இறுக்கம் நிலையானதன்று. பன்னின் உட்புறம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தொட்டதும், இறுகிய மாவுச்சத்து மறுபடியும் இளகிவிடும். பழைய ரொட்டியைச் சுட வைத்தால் புதியது போல் மெத்தென்று ஆவதன் காரணம் இதுதான். உங்கள் பன்னும் முட்டைப்பாலில் நனைந்து கல்லில் ஏறியதும் அப்படியே இளகுகிறது. தனக்குள் முதலிலிருந்தே இருந்த ஈரம், நீங்கள் சேர்த்த பாலின் ஈரம் ஆகிய இரண்டும் சேர்ந்து, அதைத் தாங்கும் கட்டமைப்பு இல்லாமல் குழைந்துவிடுகிறது. முட்டைப்பால் கலவை இறுகுவதற்கு 80 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும்; சர்க்கரை கூடக்கூட அந்த அளவு இன்னும் மேலே போகும். பன் 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடுகிறது, கலவையோ 80 டிகிரிக்குப் பிறகுதான் கைகொடுக்கிறது. இந்த இடைவெளியில்தான் உங்கள் டோஸ்ட் கெடுகிறது.

ஆகவே பன்னிலுள்ள ஈரத்தை வெளியேற்றியே ஆக வேண்டும். பெரிய கத்தியால் அழுத்தாமல், பல் கத்தியால் இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் அறுத்து, கம்பித்தட்டின் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, ஓவனில் 120 டிகிரியில் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை வைக்கவும். பாதியில் ஒருமுறை திருப்பவும். நிறம் மாறக் கூடாது. எடுத்து ஆற விட்ட பிறகு விரலால் தடவினால் மேலே மெல்லிய ரஸ்க் போன்ற தோல் தெரிய வேண்டும். அழுத்தினால் உள்ளே இன்னும் சிறிது அமுங்க வேண்டும். ஓவன் இல்லையென்றால் கனமான தோசைக்கல்லை மிகச் சிறிய தீயில் வைத்து, எண்ணெய் தடவாமல், இரண்டு பக்கமும் பொறுமையாக வாட்டினாலும் போதும்.

அடுத்தது உங்கள் அளவு. ஒரு கோப்பை என்பது 250 மில்லி என்றால், ஒரு முட்டைக்கு 125 மில்லி பால் விழுகிறது. மென்மையான பன்னுக்கு அது மிகவும் நீர்த்த கலவை. ஒரு முட்டைக்கு 60 மில்லி, மிஞ்சிப்போனால் 75 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பன்னுக்கு மூன்று முட்டையும் 180 மில்லி பாலும் சரியாக இருக்கும். கொழுப்பு 6 விழுக்காடு உள்ள ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட் பாலாக இருந்தால் சுவையும் கூடும். உப்பு ஒரு சிட்டிகை கட்டாயம். சர்க்கரை வேண்டாம், பன்னிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது.


பழனி அடிவாரத்தார்:

நான் பழனியில் அடிவாரத்தில் இருக்கிறேன். பன்னை அறுத்து, மெல்லிய துணியால் மூடி, இரவு முழுவதும் சமையலறை மேடையில் வைத்துவிட்டால் காலையில் நன்றாகக் காய்ந்திருக்கிறது. இதற்காக ஓவனைப் போட்டு மின்சாரம் செலவழிக்க வேண்டுமா? எளிய வழியை முதலில் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.


குன்னூர் அடுமனையாளர்:

ஐயா, உங்கள் ஊருக்கு அது மிகச் சரியான வழி; அங்கே நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால், சுவரே வியர்க்கும் அளவுக்குக் காற்றில் ஈரம் நிற்கிறது. மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வருகிற வீட்டில், வெட்டி வைத்த பன் காய்வதற்குப் பதிலாக இன்னும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டாம் நாள் பூசணமும் வைத்துவிடும். மாசி, பங்குனி மாதங்களில் வெயிலும் காற்றும் நன்றாக இருக்கும்போது நீங்கள் சொன்ன முறை மலையிலும் ஓரளவு செல்லும். மற்றக் காலங்களில் சூட்டைத்தான் நம்ப வேண்டும்.


கொடைக்கானல் விடுதிச் சமையலர்:

அடுமனையாளர் ஐயா சொன்ன காரணங்கள் அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. மெத்தென்ற இனிப்பு பன்னை ஒருவர் தேடிப்போய் வாங்குவதே அந்த மென்மைக்காகத்தான். அதை ரஸ்க் ஆகும் அளவுக்குக் காய வைத்துவிட்டால், பிறகு சாதாரண ரொட்டிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு இருக்கிறது?

இப்படிப்பட்ட பன்னில் பிரெஞ்சு டோஸ்ட் செய்யும் வழக்கத்தைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்கர்கள். அங்கே ஹவாயன் ரோல் என்ற பெயரில் பன்னிரண்டு பன்கள் ஒட்டியபடி ஒரே பாளமாக விற்கும். 1878 முதல் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள், மதேராவிலிருந்தும் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் தங்கள் இனிப்பு ரொட்டியைக் கொண்டுவந்தார்கள். ராபர்ட் டைரா என்பவர் 1950இல் ஹிலோ நகரில் பேக்கரி தொடங்கி, அந்த ரொட்டியைப் பல நாள் மென்மை குன்றாதபடி செய்து விற்றதுதான் பிற்காலத்தில் பெரிய வணிகமாக வளர்ந்தது. பால், வெண்ணெய், முட்டை, சர்க்கரை ஆகிய நான்கும் மாவிலேயே சேர்வதால் அந்த பன் அவ்வளவு மென்மையாக இருக்கிறது. நம் ஊர் பால் பன்னும் ஏறக்குறைய அதே குடும்பம்தான். முட்டை பெரும்பாலும் இருக்காது, பல கடைகளில் வெண்ணெய்க்குப் பதிலாக வனஸ்பதியோ மார்ஜரினோ சேரும் என்பதே வேறுபாடு.

எங்கள் விடுதியில் நாங்கள் செய்யும் முறை இது. அன்றைய பன்னைக் கூட எடுப்போம். பன்களைப் பிரிக்காமல், பாளத்தை அப்படியே வைத்து, கிடைமட்டமாக இரண்டாகப் பிளப்போம். பிளந்த பக்கத்தை மட்டும் வெண்ணெய் தடவாத கல்லில் ஒரு நிமிடம் வாட்டுவோம். கலவையில் மூன்று முட்டையோடு கூடுதலாக இரண்டு மஞ்சள் கருவைச் சேர்த்து, பாலைக் குறைத்து, அதில் பாதியளவு பாலேடு ஊற்றுவோம். கலவை கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்க வேண்டும். நனைப்பது ஒரு பக்கத்துக்குப் பத்து வினாடிதான். எடுத்ததும் கம்பித்தட்டில் வைத்துச் சொட்ட விடுவோம். நனைந்த பன்னைக் கையால் தூக்கினால் அறுந்துவிடும் என்பதால் அகலமான தோசைத் திருப்பியால்தான் தூக்க வேண்டும். கலவை உள்ளே முழுவதும் போகாது, போகவும் வேண்டாம். சுற்றிலும் முட்டைப்பால் இறுகி, நடுவில் பன்னின் மென்மை அப்படியே இருக்கும்.

இன்னொன்று, தீயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கோத்தகிரி அம்மாவுக்கு மேல்பக்கம் கருப்பதற்குக் காரணம் சர்க்கரையும் வெண்ணெயும். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர், சிறிதளவு பால் திடப்பொருள், மற்றது கொழுப்பு. தண்ணீர் வற்றியதும் அந்தப் பால் திடப்பொருள் கருகத் தொடங்கிவிடும். நெய்யில் அது இல்லாததால் அதிகச் சூட்டைத் தாங்கும். ஆகையால் நெய்யில் வாட்டி, இறக்கும் தறுவாயில் மணத்துக்காகச் சிறு துண்டு வெண்ணெய் போடுவது சரியான வழி. இரும்புக்கல் என்றால் நன்றாகச் சூடேற்றிய பிறகு தீயைத் தணித்து, கல் சற்று இறங்கிய பின் பன்னை வைக்கவும். முதல் பக்கம் பொன்னிறமானதும் திருப்பி, ஒரு மூடி போட்டுவிட்டால் உள்ளே ஆவி நின்று நடுப்பகுதி வேகும். மூடியைக் கடைசி ஒரு நிமிடம் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மேல்தோல் ஈரமாகிவிடும்.


குன்னூர் அடுமனையாளர்:

தம்பி சொல்லும் முறை சமையல் நுணுக்கம் தெரிந்த முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. மஞ்சள் கருவைக் கூட்டுவதும், பாளத்தைப் பிரிக்காமல் பிளப்பதும், நெய்யில் தொடங்கி வெண்ணெயில் முடிப்பதும் நான் முழுமனதோடு பரிந்துரைக்கும் செய்திகள். பாளமாக வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: தனித்தனி பன்னின் பக்கவாட்டில் தோல் கிடையாது என்பதால், அந்த வழியாகத்தான் கலவை அளவுக்கு மீறி உள்ளே புகுகிறது. ஒட்டியபடியே இருந்தால் அந்த வழி அடைபடும்.

ஆனாலும் என் கருத்தில் நிற்கிறேன். தம்பியின் தட்டில் வருவது முட்டைப்பால் போர்த்திய பன். அது சுவையாகவே இருக்கும். பிரெஞ்சு டோஸ்ட் என்று நான் கருதுவது, வெட்டிய இடமெல்லாம் முட்டைப்பால் பரவி, நடுவிலும் அது மென்மையாக இறுகி, கரண்டியால் வெட்டினால் நடுங்கி நிற்கும் பண்டம். அதற்குப் பன் உள்ளே வரை கலவையைக் குடிக்க வேண்டும். குடித்ததைத் தாங்கவும் வேண்டும். ஈரம் போன பன்னால்தான் இரண்டும் முடியும். மென்மை போய்விடுமே என்ற கவலை தேவையில்லை. ஏனென்றால் போன ஈரத்தின் இடத்தில் பாலும் முட்டையும் வந்து அமர்கின்றன. பன்னின் கொழுப்பும் சர்க்கரையும் எங்கும் போவதில்லை. ஆகவே வெந்த பிறகு வரும் மென்மை சதுர ரொட்டியில் வரவே வராது.

மலையின் உயரத்தையும் இந்த இடத்தில் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் 93, குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94. ஈரமான பன்னின் உட்பகுதி, அதிலுள்ள நீர் இருக்கும் வரை, அந்தக் கொதிநிலையைத் தாண்டாது. சமவெளியில் 100 டிகிரியில் இருக்கும் ஓரப்பகுதி நடுப்பகுதியை 80 டிகிரிக்குக் கொண்டுவரும் வேகம், நம் மலைகளில் 92 முதல் 94 டிகிரியில் இருக்கும் ஓரத்துக்குக் கிடையாது. ஆகவே சென்னையிலிருந்து எழுதும் குறிப்பில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்றிருந்தால், இங்கே தீயைக் குறைத்து நான்கு, ஐந்து நிமிடம் விட வேண்டும். தீயைக் கூட்டினால் மேல்தோல்தான் கருகும்.


ஊட்டி மாணவி:

வணக்கம். நான் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரு மின்னடுப்பும் ஒரு வாணலியும் மட்டுமே. என் அறைத்தோழி முட்டை சாப்பிட மாட்டாள். முட்டை இல்லாமல் இந்த பன்னில் செய்ய வழி உண்டா? ஊட்டி வர்க்கியில் செய்து பார்க்கலாமா என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது.


கொடைக்கானல் விடுதிச் சமையலர்:

தாராளமாகச் செய்யலாம், தங்கையே. பண்டைய ரோமானியர்களின் சமையல் குறிப்பு ஒன்றில், மேல்தோல் நீக்கிய வெள்ளை ரொட்டியைப் பாலில் ஊற வைத்து, எண்ணெயில் பொரித்து, மேலே தேன் ஊற்றிப் பரிமாறும்படி இருக்கிறது. ஆகவே முட்டை இல்லாமல் செய்வது குறைபட்ட செயல் ஆகாது. ஆனால் வெறும் பாலில் நனைத்த இனிப்பு பன் வாணலியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும் என்பதால், இறுகும் பொருள் ஏதாவது ஒன்று வேண்டும்.

கஸ்டர்ட் பவுடர் நல்ல பலன் தரும். அதில் பெரும்பகுதி சோளமாவுதான். 250 மில்லி பாலில் இரண்டு மேசைக்கரண்டியை முதலில் சிறிது குளிர்ந்த பாலில் கரைத்து, மீதிப் பால் கொதிக்கும்போது ஊற்றிக் கிளற வேண்டும். சோளமாவு முழுமையாகக் கெட்டிப்பட 95 டிகிரிக்கு அருகில் சூடு தேவைப்படும். ஊட்டியில் கொதிக்கும் பாலே அதற்குச் சற்றுக் கீழே நிற்பதால், கெட்டியாகத் தொடங்கியதும் இறக்கிவிடாமல், மேலும் இரண்டு நிமிடம் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்கவும். பச்சை மாவு வாசனை போய்விடும். முற்றிலும் ஆறிய பிறகு, தோசைமாவு பதத்துக்குப் பால் விட்டுத் தளர்த்தி, வாட்டிய பன்னின் இரு பக்கமும் பூசி, நெய்யில் சுட்டு எடுக்கவும். முட்டை டோஸ்ட் போல் நடுவில் நடுங்கி நிற்காது. ஆனால் மேலே மொறுமொறுப்பு அதைவிட நன்றாகவே வரும்.

வர்க்கி வேண்டாம். அடுக்கடுக்காக, ஈரமே இல்லாமல் சுட்டெடுத்த பண்டம் அது; திரவம் பட்டதும் அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து சிதறிவிடும். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்துக்கு ஒரு கோப்பைத் தேநீர் பக்கத்தில் இருந்தாலே போதும்.


பண்ணைக்காட்டுத் தோட்டக்காரர்:

இவ்வளவு பேசிய பிறகும் மேலே வைத்துச் சாப்பிடும் பழத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். வெளியிலிருந்து வருகிற மேப்பிள் பாகை விலை கொடுத்து வாங்கி விருந்தினருக்கு வைக்கிறார்கள். கீழ்ப்பழனி மலையில் விளையும் விருப்பாட்சி மலைவாழையை யாரும் நினைப்பதில்லை. சிறுமலை வாழையோடு சேர்த்து 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. காப்பித் தோட்டத்துக்கு உள்ளேயே ஊடுபயிராக வளர்க்கிறோம். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்த காலத்தையும் கடந்து இன்றும் நிற்கிற பயிர் என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு.

இந்தப் பழத்தின் சதையில் நீர் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தம் தண்ணீர் சேர்க்காமல் செய்தும் நாள்பட நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பூவன் பழத்தையோ மோரிஸ் பழத்தையோ வெண்ணெயில் வதக்கினால் நீர்விட்டுக் கூழாகிவிடும். மலைவாழை அப்படிக் கரையாது. தோலில் கருப்புப் புள்ளி விழுந்து, காம்பு சற்றே சுருங்கிய பழமாகப் பார்த்து எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வெண்ணெயில் வைக்கவும். அசைக்காமல் ஓரிரு நிமிடம் விட்டு, ஓரங்களில் நாட்டுச்சர்க்கரை ஒரு கரண்டி தூவினால் அது உருகிப் பழத்தின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடுங்கள்; தாண்டிக்குடிப் பக்கத்து ஏலக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. இனிப்பு பன்னில் செய்த டோஸ்டுக்கு மேலே சர்க்கரைப்பாகு ஊற்றினால் திகட்டும். இந்தப் பழத்தில் உள்ள இலேசான புளிப்பு அந்தத் திகட்டலை மாற்றும்.


கோத்தகிரி வாசகி:

எல்லோருக்கும் நன்றி. அடுமனையாளர் ஐயா சொன்னபடி ஓவனில் வாட்டி, அளவையும் மாற்றிச் செய்ததில் நடுப்பகுதி குழையவே இல்லை. வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெளிர்மஞ்சளாகச் சீராக இறுகியிருந்தது. பன்னின் கண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. விடுதிச் சமையலர் தம்பி சொன்ன முறையையும் மறுநாள் செய்தேன். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது, பெரியவர்கள் முதல் முறையைத்தான் மறுபடியும் கேட்டார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம். விடுமுறை நாட்களில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காரும்போது கல்லில் ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. இரவே தட்டில் அடுக்கி ஊற வைத்து, காலையில் ஓவனில் வைத்துவிடலாமா? குளிர்காலத்தில் சமையலறையே குளிர்சாதனப் பெட்டி போல்தான் இருக்கிறது என்பதால், தட்டை மேடையிலேயே விட்டுவைக்கலாமா?


குன்னூர் அடுமனையாளர்:

மேடையில் விட்டுவைக்கவே கூடாது அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சை முட்டையும் பாலும் கலந்த பண்டம் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இரவு முழுவதும் பாதுகாப்பாக இருக்கும். வெளியே புல்மேல் உறைபனி விழுகிற நாளிலும், அடுப்பெரிந்த சமையலறை அந்த அளவுக்குக் குளிர்வதில்லை; நமக்குக் கை விறைக்கிறது என்பதற்காக நுண்ணுயிர்கள் ஓய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே தட்டை மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் வைக்கவும். கதவில் வைக்க வேண்டாம்.

பத்துப் பேருக்குப் பன்னிரண்டு பன் எடுங்கள். இரவு ஊறப்போகிறது என்பதால் கல்லில் சுடுவதைவிட இதற்கு நன்றாகவே காய வேண்டும்; பெரிய துண்டுகளாகப் பிய்த்து, 150 டிகிரியில் பத்து நிமிடம், ஓரங்கள் இலேசாக நிறம் மாறும் வரை விடுங்கள். ஆறு முட்டை, கூடுதலாக இரண்டு மஞ்சள் கரு, அரை லிட்டர் பால், அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை வேண்டுமென்றால் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு வழியாக வந்தால் அங்கே ஜாதிக்காய் வாங்கி வையுங்கள். காலையில் தட்டு ஓவனுக்குள் போகும் முன் மேலே துருவினால் மணம் தனியாகத் தெரியும். கலவை அடியில் தேங்கி, மேல் துண்டுகள் உலர்ந்து நிற்காமல் இருக்க, ஊற்றிய அரை மணி நேரம் கழித்து ஒருமுறை துண்டுகளைப் புரட்டிவிட்டு, கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்திவிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இந்தப் புரட்டலைத் தவறவிட்டால் அடியில் ஈரமும் மேலே ரஸ்க்கும் கிடைக்கும்.

கண்ணாடித் தட்டு என்றால் பெட்டியிலிருந்து எடுத்ததும் நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள்; விரிசல் விடக்கூடும். அலுமினியத் தட்டுக்கு அந்தக் கவலை இல்லை. 175 டிகிரியில் முதல் இருபத்தைந்து நிமிடம் அலுமினியத் தாளால் மூடி வைக்கவும். உயரமான இடத்தில் ஈரம் வேகமாக ஆவியாவதால், மூடாமல் வைத்தால் நடு இறுகுவதற்குள் மேலே வறண்டுவிடும். பிறகு தாளை எடுத்துவிட்டு, மேலே வெண்ணெய்த் துண்டுகளைத் தூவி, இன்னும் பதினைந்து முதல் இருபது நிமிடம். நடுவில் குறைந்தது 71 டிகிரி வந்திருந்தால் முட்டை பாதுகாப்பாக வெந்துவிட்டது என்று பொருள். நன்றாக இறுகி வர 80 டிகிரியை ஒட்டி விடுவது என் வழக்கம். வெப்பமானி இல்லையென்றால் நடுவில் கத்தியை இறக்கி இலேசாகச் சாய்த்துப் பாருங்கள். பால் கசிந்தால் இன்னும் நேரம் வேண்டும். எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிடம் ஆற விட்டால் துண்டுகள் உடையாமல் வரும்.

மிஞ்சியதை ஆறியதும் துண்டு போட்டு, இடையில் வெண்ணெய்த்தாள் வைத்து உறைபெட்டியில் அடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் நாள்கணக்காக வைத்தால் அது மறுபடியும் விறைக்கும்; உறைந்த நிலையில் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. திரும்பச் சுட வைக்கும்போது மைக்ரோவேவில் வைத்தால் தோல் சவசவத்துப் போகும் என்பதால், உறைந்த துண்டை அப்படியே சிறு தீயில் நெய் தடவிய கல்லில் வைத்து, மூடி போட்டு, அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் திருப்பிப் போடுங்கள்.